உறுதியைக் கொடுக்கவும் வேண்டாம்; ஒழுங்கையை அடைக்கவும் வேண்டாம்!

“எமது ஊரின் படத்தை எவனோ ஒருவன் இலவசமாக எடுத்துப் பிழைப்பதா?” என்று ஒரு சாரார் சீறுகின்றனர். “பரிசு தருகின்றோம், படங்களை அனுப்புக” என்று வேறொரு சாரார் அழைக்கின்றனர். முன்னவர் தம் படங்களைப் பூட்டி வைக்கின்றனர். பின்னவர் பிறர் படங்களை வாரிக்கொள்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவே நமது ஊர்கள் உலகின் கண்ணுக்குத் தோன்றாமலோ, தோன்றினும் பிறர் இட்ட பெயரோடு தோன்றியோ கிடக்கின்றன. இந்நிலையை மாற்றும் கருவி சட்டத்திலேயே இருக்கின்றது. அதனை எடுத்தாளாதிருப்பது நமது சோம்பலேயன்றி வேறன்று.

வழிகள் திறந்துவிட்டன. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2024ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் எங்கே சென்றனர்? தென்கரைக்கும் மலைநாட்டுக்கும் சீகிரியாவுக்கும் சென்றனர். இதற்குப் போர் விட்டுச்சென்ற வடுக்களும், வசதிக் குறைவும், தூரமும் காரணங்களாம். ஆயினும் ஊரைவிட்டுப் புறப்படுமுன் பயணி எதனைப் பார்க்கின்றான்? படத்தைப் பார்க்கின்றான். படம் இல்லாத ஊர் அவனுக்கு இல்லாத ஊரே. வீதி போடப் பணம் வேண்டும். விடுதி கட்ட ஆண்டுகள் வேண்டும். நம் கைத்தொலைபேசிகளில் உறங்கும் படங்களை வெளியிடுவதற்கோ மனம் ஒன்றே வேண்டும்.

நெடுந்தீவில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அத்தீவின் மட்டக்குதிரைகளையும், பவளக்கல் வேலிகளையும், பெருக்கமரத்தையும் காட்டும் நான்கு நல்ல படங்கள் இருந்தால் அக்குடும்பத்தின் அறைகள் நிறையும். படப்பிடிப்பாளரை அமர்த்த அவர்களிடம் பணம் இல்லை. ஆகவே இணையத்தளத்தில் அகப்பட்ட படத்தை எடுத்து ஒட்டுகின்றனர். அந்தக் கணமே அவர்கள் சட்டத்தை மீறியவர் ஆகின்றனர்! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படம் எடுக்கப்பட்டவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகின்றது. பதிவும் வேண்டியதில்லை, முத்திரையும் வேண்டியதில்லை. எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். 25 வயது இளைஞன் ஒருவன் இன்று கீரிமலைக் கேணியைப் படம் எடுக்கின்றான். 75 வயது வரை வாழ்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் 120 ஆண்டுகள் பூட்டப்பட்டுக் கிடக்கும். அவன் அதனை மறந்திருப்பான், பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திராது, சட்டமோ அதனை மறவாது.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். ஒல்லாந்தப் போதகர் பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துக் காட்சிகள் செதுக்குச் சித்திரங்களாக உள்ளன. அவை எவருக்கும் உரிமையற்ற பொதுச் சொத்து. அம்ஸ்ரர்டாம் நகரின் ரெய்க்ஸ் அரும்பொருளகம் தன்னிடமுள்ள பழம் படைப்புகளின் படங்களை 2012 முதல் உலகோர் அனைவரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அந்நியன் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரைக் கண்ட காட்சி யாவர்க்கும் கிடைக்கும். நம் ஊரவன் நேற்றுக் கோட்டை மதிலில் நின்று கண்ட காட்சியோ எவர்க்கும் கிடையாது! இதுவா நாம் நம் மண்ணின்மீது கொண்ட பற்று?

உரிமையைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. காணி உறுதி வாசித்துப் பழகிய நமக்கு இதனை விளக்குவது கடினமன்று. அறுதி உறுதி முடிப்பவன் காணியை முற்றாக இழக்கின்றான். காணியைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அயலவனுக்குக் கிணற்றில் பங்கும் ஒழுங்கையில் வழியும் எழுதிக் கொடுப்பவனோ எதனையும் இழப்பதில்லை. அவனுடைய காணி அவனுடையதே. தண்ணீர் மட்டும் ஊருக்குப் பயன்படுகின்றது. பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் இல்லாத யாழ்ப்பாணத்து உறுதிகளை விரல்விட்டு எண்ணலாம். தேசவழமையின் மண்ணில் வளர்ந்த நமக்குச் சொந்தம் வேறு, பயன்பாடு வேறு என்பதை எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

திறந்த உரிமம் என்று இன்று வழங்கும் ஏற்பாடு இதே தத்துவத்தின் மேல் நிற்பது. கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் அமைப்பு 2002 டிசெம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. இன்று வழக்கிலுள்ள நான்காம் பதிப்பு 2013இல் வந்தது. அவ்வுரிமங்களுள் ஒன்றின் சாரம் இதுவே: இப்படத்தை எவரும் எடுக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம், ஆயின் எடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், படத்தை மாற்றியமைத்து வெளியிட்டால் அதனையும் இதே நிபந்தனையின் கீழ்ப் பிறருக்குத் தர வேண்டும். உரிமை எடுத்தவரிடமே தங்குகின்றது. அவர் அப்படத்தைத் தாமே விற்கலாம்; வேறொருவருக்கு வேறு நிபந்தனையிலும் கொடுக்கலாம். விக்கிமீடியா கொமன்ஸ் என்னும் பொதுப் படக்களஞ்சியம் 2004இல் தோன்றியது. இத்தகைய உரிமம் பெற்ற படங்களாலும் உரிமைக்காலம் முடிந்த படங்களாலும் நிறைந்து, 2023இல் பத்துக்கோடிக் கோப்புகளைக் கடந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் கலைக்களஞ்சியங்கள் அங்கிருந்தே படம் எடுக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். கொடுத்த உரிமத்தை மீளப் பெற முடியாது. இனிமேல் வெளியிடுவதில்லை என்று நிறுத்தலாம். முன்னர்ப் பெற்றவரிடமிருந்து பறிக்க இயலாது. ஆதலால் வாசித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வாசிப்பதில் பயனில்லை.

இனிப் போட்டிக்காரரைப் பார்ப்போம். “எமது ஊரின் எழில்” என்றும் “எங்கள் தாயகம்” என்றும் அழகிய தலைப்புகள் இடுகின்றனர். கீழே சிறு எழுத்தில் விதிகள் உள்ளன. அனுப்பப்படும் படங்கள் அனைத்தின் உரிமையும் அமைப்பாளரையே சாரும் என்பதும், எங்கும் எக்காலமும் ஊதியமின்றிப் பயன்படுத்தலாம் என்பதும் இத்தகைய போட்டிகளில் வழக்கமாக இடம்பெறும் விதிகள். பரிசு மூவருக்கு, படம் பறிபோவது முந்நூறு பேருக்கு! பரிசு பெறாத படத்தையும் அவர்கள் நாட்காட்டியில் அச்சிடுவர். எடுத்த மாணவனின் பெயர் அதில் இராது. பின்னர் அவன் தன் படத்தைத் தன் ஊர்ச் சனசமூக நிலையத்தின் மலருக்குக் கொடுக்க விரும்பினாலும் உரிமை அவனிடம் இராது. இதற்குப் பெயர் ஊக்குவிப்பா? அறுதி உறுதியில் கைநாட்டு வாங்கிவிட்டு அதற்கு விழா எடுக்கும் வித்தை இது.

எல்லாவற்றையும் துறந்து கொடுப்பதன் விளைவை அமெரிக்காவில் ஒருவர் அனுபவித்தார். கரொல் ஹைசிமித் என்னும் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர், தாம் எடுத்த பல்லாயிரம் படங்களை அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்துக்கு வழங்கிப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டார். 2015இல் அவருடைய சொந்தப் படத்தை அவரே பயன்படுத்தியதற்காக 120 டொலர் செலுத்துமாறு ஒரு படமுகவர் நிறுவனத்தின் சார்பில் அவருக்குக் கடிதம் வந்தது. அவர் வழக்காடினார். பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அவர் எழுப்பிய கோரிக்கைகளை 2016இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனவேதான் யாம் முழுத் துறவை உபதேசிக்கவில்லை. பெயரையும் நிபந்தனையையும் கையில் வைத்துக்கொண்டு வழங்குமாறு கூறுகின்றோம்.

“அப்படியாயின், வணிகர் எடுத்துப் பணம் பண்ணுவாரே?” என்று பூட்டி வைப்போர் கேட்பர். பண்ணட்டும்! 2015இல் வாசிங்டனில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதற்கு ஏற்றது. ஒரு படப்பிடிப்பாளர் இத்தகைய திறந்த உரிமத்தில் வெளியிட்ட படத்தை, ஒரு நிலப்படப் பதிப்பகம் தன் மாவட்ட நிலப்படத் தொகுப்பின் அட்டையில் அச்சிட்டு விற்றது. எடுத்தவர் வழக்குத் தொடர்ந்தார். விற்பனைக்கு நீரே அனுமதி கொடுத்துள்ளீர், உம் பெயரும் பின்னட்டையில் உள்ளது என்று கூறி நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதனைக் கேட்டு அஞ்சுவோர் அஞ்சட்டும். யாமோ கேட்கின்றோம்: வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஒரு சிறு அச்சகத்தார் நம் மாவட்டத்தின் நிலப்படத்தைத் துணிவுடன் அச்சிட்டு, அட்டையில் நம் ஊரின் படத்தையும் உள்ளே நம் இளைஞனின் பெயரையும் போட்டு விற்றால் அது கேடா, நன்மையா?

“வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் தடை” என்னும் உரிமமும் உண்டு. அதனைப் பலர் பாதுகாப்பெனக் கருதுகின்றனர். ஆனால் அது தடுப்பது யாரை? கொழும்பின் பெருவிடுதி தன் சொந்தப் படப்பிடிப்பாளரை விமானத்தில் அனுப்பவல்லது. இரண்டு அறை விடுதிக்காரரும், முச்சக்கரவண்டி ஓட்டுநரும், பனையோலைப் பெட்டி இழைத்து விற்கும் மகளிர் சங்கமும் வணிகம் செய்பவர்களே. வணிகத் தடை பெருமீனை விட்டுச் சிறுமீனைப் பிடிக்கும் வலை. அத்தடை உள்ள படத்தைப் பொதுக் களஞ்சியமும் ஏற்பதில்லை. ஆகவே கலைக்களஞ்சியத்தில் நம் ஊர் பற்றிய கட்டுரையும் படமின்றி நிற்கும்.

தொழிலாகப் படம் எடுப்போரின் வயிற்றில் அடிப்பதும் யாம் விரும்புவதன்று. கமராவால் உலை வைப்பவர் தம் படத்தை விற்கட்டும், விலையும் கேட்கட்டும். அரசின் உல்லாசப் பயண அமைப்புகளும் பெருவிடுதிகளும் பணம் இருந்தும் “இலவசமாகத் தாருங்கள்” என்று அவரிடம் இரப்பது இழிவு. யாம் பேசுவது விற்கும் எண்ணமே இல்லாமல் எடுக்கப்பட்டு, விற்கப்படாமலும் வழங்கப்படாமலும் மடியும் ஆயிரமாயிரம் படங்களைப் பற்றி.

இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பெயர். படம் எடுப்பவனே படத்தின் கீழ் எழுதுகின்றான். எழுதியதை உலகம் நம்புகின்றது. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது 1875 முதல் இலங்கையில் வாழ்ந்து, 1879இல் இங்கேயே இறந்தார். புகைப்படக் கலையின் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த புலவர், அறிஞர் படங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இங்கே அவர் எடுத்த ஏழை மக்களுட் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. பின்வந்த படநிலையங்களும் “தமிழ்ப் பெண்”, “கொழுந்து பறிப்பவர்” என்று அஞ்சலட்டைகளை விற்றன. அந்த முகங்களுக்கு உரியவர் யார், எந்த ஊரார் என்று இன்று எவரும் கூற முடியாது.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களை இட்டனர். காரைதீவுக்கு இட்ட அம்ஸ்ரர்டாம் என்ற பெயர் வழக்கொழிந்தது; நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயர் இன்றும் ஆங்கில நிலப்படங்களில் வாழ்கின்றது. ஒரே ஊரைத் தமிழர் ஒரு பெயராலும் சிங்களவர் வேறொரு பெயராலும் அழைக்கும் இடங்கள் இத்தீவில் பல. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் உண்டு. நாகதீப விகாரையும் உண்டு. பிறர் வைத்த பெயரை அழிக்குமாறு யாம் கூறவில்லை. நம் பெயரை எழுதாமல் விட்டுவிட்டுப் பின்னர்ப் புலம்பாதீர் என்றே கூறுகின்றோம். கந்தரோடை, மந்திரிமனை, நிலாவரை, கன்னியா, திருக்கேதீச்சரம் ஆகிய இடங்களின் படங்களின் கீழ் ஊரார் வழங்கும் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, எடுத்த நாளையும் குறிப்பிட்டு வெளியிடுங்கள். பெயர் சொல்லும் கடமை உரிமத்தில் உள்ளது. ஊர்ப்பெயரைப் படத்தின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டால் அதுவும் படத்தோடு பயணம் செய்யக்கூடும். மேடையில் நூறு முறை முழங்குவதைவிட இது வலியது.

பதிப்புரிமை வேறு; படத்தில் இருப்பவரின் மானம் வேறு. 2007இல் ஆஸ்திரேலியக் கைத்தொலைபேசி நிறுவனம் ஒன்று, திறந்த உரிமத்தில் இணையத்தில் கிடந்த ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவியின் படத்தை எடுத்து, ஏளன வாசகத்துடன் விளம்பரமாக்கியது. படம் எடுத்தவர் உரிமம் கொடுத்திருந்தார். அச்சிறுமியை எவரும் கேட்கவில்லை. குடும்பத்தார் டெக்சாசில் தொடுத்த வழக்கு, அந்த நிறுவனத்தின்மேல் அந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லையென்று 2009இல் தள்ளப்பட்டது. உரிமம் எடுத்தவரின் உரிமையை மட்டுமே வழங்கும். எடுக்கப்பட்டவரின் சம்மதத்தை வழங்காது. ஆகையால் கேணியில் நீராடுவோரையும், காவடியில் தன்னை மறந்த அடியவரையும், பிள்ளைகளையும் அவர்தம் அனுமதியின்றிச் சந்தைக்கு அனுப்பாதீர். 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்த அன்னையரின் துயரம் உல்லாசப் பயணியின் காட்சிப்பொருள் அன்று. புதிதாக வடித்த சிலைக்கும் சுவரோவியத்துக்கும் அவற்றைப் படைத்தவரின் உரிமை உண்டு என்பதையும் மறவாதீர்.

மக்களைக் கேட்கும்போது அரசை விடலாமா? 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் புதிய அமைப்புகளைத் தோற்றுவித்தது. மக்களின் பணத்தில் எடுக்கப்படும் படங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டாமா? அமெரிக்காவில் மத்திய அரசின் ஊழியர் கடமையில் எடுக்கும் படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. நம் சட்டமோ சட்டவாக்கங்கள் போன்ற அலுவல்முறை எழுத்துகளை மட்டும் பாதுகாப்பிலிருந்து விலக்கி, அரச நிறுவனத்தின் படத்தைப் பூட்டியே வைக்கின்றது. பூட்டைத் திறக்கப் புதிய சட்டமும் தேவையில்லை. தம் படங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவதென்று மாநகர சபையும் பிரதேச சபையும் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். வீதிவிளக்குக்குத் தீர்மானம் நிறைவேற்றும் சபைக்கு இது பெருஞ்சுமையோ?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் என்று கணக்குக் கூறுவர். கணக்கைவிடக் கொடிது யாதெனின், அவற்றுட் சில உலகில் வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் என்பதே. ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள் அழிவின் வாசலில் நிற்கும் பொருள். இந்தப் பாடத்தைக் கற்றவர்களே 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஆனால் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய படத் தொகுப்பும், கைத்தொலைபேசியில் கிடக்கும் புதிய படமும் இன்னும் ஒரே படியாகவே இருக்கின்றன. பலர் எடுத்துப் பல இடங்களில் வைத்த படத்தை எந்தத் தீயும் முழுமையாக எரிக்க முடியாது. பயணிக்காக வெளியிடும் படம் நாளை நம் பேரர்க்குச் சான்றாகும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுவே. ஒவ்வோர் ஊரின் சனசமூக நிலையமும் தன் ஊரின் இருபது காட்சிகளைத் தேர்க. கோயில், குளம், துறை, சந்தை, பழைய கல்வீடு, பனங்கூடல் எதனையும் விடாதீர். ஊர் இளைஞரைக் கொண்டு படம் எடுப்பிக்க. மூத்தோரைக் கேட்டுப் பெயரும் வரலாறும் எழுதுக. படத்தில் முகம் தெரிபவரின் சம்மதம் பெறுக. எடுத்தவர் பெயரோடு திறந்த உரிமத்தில் வெளியிடுக. போட்டி நடத்துவோர் விதிகளில் “உரிமை எடுத்தவருக்கே” என்ற ஒரு வரியைச் சேர்க்கும் வரை அவர்களுக்கு ஒரு படமும் அனுப்பாதீர். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் உறவினரும் தம் பெட்டிகளைத் திறந்து பழைய படங்களைத் தேடுக. ஆனால் அவற்றை எடுத்தவர் யார், உரிமை யாரிடம் உள்ளது என்று விசாரித்த பின்னரே வெளியிடுக.

பூட்டி வைப்பவன் தன் ஊரைப் பூட்டுகின்றான். எழுதிக் கொடுத்துவிடுபவன் தன் ஊரை விற்கின்றான். உறுதி நம் பெயரிலேயே இருக்கட்டும். ஒழுங்கை அனைவருக்கும் திறந்திருக்கட்டும். அதன் வாயிலில் நிற்கும் பெயர்ப்பலகையை நாமே எழுதுவோம்!